அழுங்கு தோண்டிய ஐம்பத்து மூன்றாவது குழி

ஆவாரங்குளம் வற்றிப்போன ஒரு சித்திரை மாதத்தில், நொச்சிப் புதர் ஒன்றின் அருகே தான் தோண்டிய குழிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது ஓர் அழுங்கு.

அழுங்கைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். உடம்பு முழுக்க ஓடு ஓடாகச் செதில். நீள மூக்கு. மண்வெட்டி தோற்றுப்போகும் நகம். பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சண்டைக்கு வராது, சத்தமும் போடாது. தோண்டு என்றால் தோண்டும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று அந்தக் காட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

குழியின் அடியில் ஏதோ பளபளத்தது. அழுங்கு தன் நீள நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தது. சில்லென்று இருந்தது.

"தண்ணி!" என்றது. பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் ஆசை தீர இன்னொரு தடவை சொல்லிக்கொண்டது. "தண்ணியேதான்!"

அது அழுங்கு தோண்டிய ஐம்பத்து மூன்றாவது குழி. மூன்று கோடையாகத் தோண்டிக்கொண்டிருந்தது. குளம் வற்றினால் அந்தக் காட்டு விலங்குகள் அரை நாள் நடந்து, ஆற்று மடுவுக்குப் போய்த்தான் தண்ணீர் குடிக்க வேண்டும். நொண்டியும் கிழமும் வழியிலேயே விழுந்துவிடும். பக்கத்திலேயே எங்காவது தண்ணீர் இருக்காதா என்றுதான் அழுங்கு தேட ஆரம்பித்தது.

முதல் நாற்பத்திரண்டு குழியிலும் ஈரமண் தட்டியதே தவிர, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிறகு ஒரு நாள், காலையில் தோண்டிய குழியை மறந்துவிட்டு, மாலையில் எறும்பு தேடிப் போகும்போது அதே குழிக்குள் தொபுக்கென்று விழுந்தது. விழுந்த இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர்! தோண்டினால் மட்டும் போதாது, ஒரு பகல் முழுக்கப் பொறுத்திருக்கவும் வேண்டும் என்று அன்றைக்குத்தான் அதற்குப் புரிந்தது.

அந்தக் குழியையும் சேர்த்து அதற்கப்புறம் தோண்டியவை பதினொன்று. அவற்றில் எட்டில் தண்ணீர் ஊறியது. மூன்றில் ஊறவில்லை. ஏன் ஊறவில்லை என்று அழுங்குக்குத் தெரியவில்லை. தெரியாததை யாரிடமும் சொல்லவும் இல்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யார் எதைப் புதிதாகக் கண்டுபிடித்தாலும், மாதம் ஒருமுறை காலையில் கூடும் பாறைச் சபையில் வந்து சொல்ல வேண்டும். இரண்டு பேர் போய்த் தாங்களே செய்து பார்ப்பார்கள். உண்மைதான் என்று அவர்கள் சொன்னால், கண்டுபிடித்தவருக்குப் பெரிய வாகை மரத்தில் ஒரு கிளை ஒதுக்கப்படும். அதற்கப்புறம் அந்தக் கண்டுபிடிப்பைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும், கண்டவரின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "மான் கண்டபடி இந்தப் புல்லைத் தின்கிறேன்" என்று ஒரு முயல் சொன்னால், மரங்கொத்தி பறந்து போய் மானின் கிளையில் 'டொக்' என்று ஒரு பொத்தல் போடும்.

முப்பது பொத்தல் சேர்ந்தால் மேட்டில் ஒரு வளை. அது ஆயுளுக்கும் சொந்தம். எந்த மழைக்கும் முழுகாது. புதிதாக வந்தவர்களுக்கு மேட்டில் தங்க மூன்று கோடை தவணை உண்டு. அதற்குள் முப்பது சேராவிட்டால், முதல் மழைக்கு முன்னால் பள்ளத்து வளைக்குப் போய்விட வேண்டும். பள்ளமோ முதல் மழையிலேயே முழுகிவிடும்.

அழுங்குக்கு இது மூன்றாவது கோடை. பொத்தல் ஒன்றுகூட இல்லை. வாகை மரத்தில் கிளையே இல்லை. போதாததற்கு வயிற்றில் ஒரு குட்டி. மழையோடு மழையாகத்தான் பிறக்கும். பிறந்த குட்டிக்கு நீந்தவா தெரியும்?

அதே மரத்தில் பொத்தலுக்கு இடமில்லாமல் இரண்டு கிளைகள் இருந்தன. ஒன்று புனுகுப்பூனையுடையது. இன்னொன்று காட்டுச்சேவலுடையது. அப்படி என்ன கண்டுபிடித்தார்கள் என்று கேட்கிறீர்களா? பலாப்பழம் பழுத்தால் மணக்கும் என்று புனுகுப்பூனை ஒரு முறை சபையில் சொன்னது. அடுத்த மாதம், அடியில் காய்த்த பலாவும் மணக்கும் என்றது. அதற்கடுத்த மாதம், உச்சியில் காய்த்த பலாவும் மணக்கும் என்றது. சேவல் தன் பங்குக்கு, பொழுது கிழக்கில்தான் விடிகிறது என்று கண்டுபிடித்திருந்தது.

தினமும் விடிந்ததும் சேவல் கூவும். "கொக்கரக்கோ! புனுகுப்பூனையார் கண்டபடி இன்றும் பலா மணக்கிறது!" உடனே புனுகுப்பூனை பதில் கொடுக்கும். "சேவலார் கண்டபடி இன்றும் கிழக்கில்தான் விடிந்தது!" டொக், டொக் என்று மரங்கொத்தி இரண்டு கிளையிலும் கொத்தும். இப்படியே இரண்டு வருடம். மரங்கொத்திக்குக் கழுத்து வலியே வந்துவிட்டது. வழக்கம் என்றால் வழக்கம்தானே! அது என்ன செய்யும்?

அழுங்கு தண்ணீர் கண்ட சேதி புனுகுப்பூனையின் மூக்குக்கு எட்டியது. வாலை ஆட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது.

"என்ன அழுங்கக்கா! தவணை முடியப்போகுதே, வளையைக் காலி பண்ண ஆரம்பிச்சாச்சா?"

"இல்லீங்க. வர்ற சபையில சொல்லலாம்னு ஒண்ணு வச்சிருக்கேன்."

"தண்ணிதானே? கேள்விப்பட்டேன். ஆனா அதை ஒரே மூச்சுல சொல்லித் தொலைச்சிடாதீங்க! இந்த மாசம், நம்ம காட்டுல நொச்சி இருக்குன்னு சொல்லுங்க. அடுத்த மாசம், நொச்சிக்குப் பக்கத்துல மண்ணு இருக்குன்னு சொல்லுங்க. அப்புறம் மண்ணைத் தோண்டினா குழி விழும்னு சொல்லுங்க. தண்ணி ஊறும்ங்கிறதைக் கடைசியில வச்சுக்கலாம். ஒரு கண்டுபிடிப்பை ஏழாப் பண்ணிடலாம்!"

"அதுக்குள்ள தாகத்துல யாராச்சும் செத்துப்போனா?"

"செத்தவங்க யாரு பேரையும் சொல்ல மாட்டாங்க. இருக்கறவங்க சொல்வாங்க. நமக்கு அவங்க போதும்!"

அழுங்கு இரண்டடி பின்னால் நகர்ந்தது. புனுகுப்பூனை இன்னும் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தியது.

"இன்னொண்ணு. என் பேரையும் சேர்த்துச் சொல்லிடுங்க. 'புனுகுப்பூனையாரும் அழுங்கும் கண்டது' அப்படீன்னு. என் பேரு முன்னால வரட்டும். கிளை கிடைச்சதும் சேவலைத் தினம் மூணு தடவை கூவச் சொல்றேன். பத்தே நாள்ல உங்களுக்கு முப்பது பொத்தல் ஆச்சு!"

"நீங்க ஒரு பிடி மண்ணுகூடத் தோண்டலையே!"

"நீங்க தோண்டும்போது இந்த வழியா நாலு தடவை நடந்து போனேனே! அந்த ஊக்கம் யாரு கொடுத்தது?"

சத்தியமாகச் சொன்னால், அழுங்குக்குச் சபலம் தட்டத்தான் செய்தது. வயிற்றில் குட்டி லேசாகப் புரண்டது. பத்து நாள்! பத்தே நாளில் கவலை தீர்ந்துவிடும். அழுங்கு அன்று முழுக்க எறும்பு தின்னாமல் வளைக்குள் படுத்து யோசித்தது. யோசிக்க யோசிக்க ஒன்று மட்டும் உறுத்தியது. புனுகுப்பூனையின் பெயரைச் சேர்த்துச் சொன்னால், தாகம் எடுத்தவர்கள் அதனிடமும் வந்து எங்கே தோண்டுவது என்று கேட்பார்கள். அது வாய்க்கு வந்த இடத்தைக் காட்டும். நம்பித் தோண்டுகிறவன் கதி என்ன?

மறுநாள் புனுகுப்பூனையிடம், "வேண்டாங்க. தோண்டினவ பேரு மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டது.

"பிழைக்கத் தெரியாத ஜென்மம்!" என்று முணுமுணுத்துக்கொண்டே போனது புனுகுப்பூனை.

சபை கூடியது. தலைமை காட்டெருமை. நேர்மையானது. ஆனால் விதியைத் தாண்டி ஓர் அடி வைக்காது. "அழுங்கு பேசலாம்!" என்றது.

அழுங்கு பாறை மேல் ஏறியது. எதிரே இத்தனை கண்கள்! அவ்வளவுதான், பயத்தில் பந்தாகச் சுருண்டுவிட்டது. பந்துக்குள்ளிருந்து முணுமுணுவென்று குரல் வந்தது.

"நொச்சிப் புதருக்கு வடக்கால, என் உடம்பு நீளத்துக்கு மூணு அளந்து, தள்ளித் தோண்டணும். ஈரமண்ணு வந்ததும் நிறுத்திடணும். இலை போட்டு மூடணும். காலையில தோண்டினா சாயங்காலம் வரைக்கும் தொடக்கூடாது. தண்ணி ஊறியிருக்கும்."

"சத்தமாப் பேசச் சொல்லுங்க!" என்றது ஒரு குரங்கு.

"முகத்தைக் காட்டச் சொல்லுங்க!" என்றது இன்னொன்று. சபை கொல்லென்று சிரித்தது. மலைக்கு அப்பாலிருந்து விருந்துக்கு வந்திருந்த ஒரு நாரை மட்டும் சிரிக்காமல், தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

"வந்து பாருங்க, என் குழியில இப்பவும் தண்ணி இருக்கு" என்றது பந்து.

"நீ தோண்டினதைக் காட்டினா ஆகாது. வேற யார் தோண்டினாலும் வரணும். அதுதான் வழக்கம்" என்றது காட்டெருமை. பிறகு சோதிக்க இரண்டு பேரை நியமித்தது. சோதிப்பவர் யாரென்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதும் வழக்கம்தான். அதற்காக அவர்கள் முகத்தில் தேக்கிலை கட்டிக்கொண்டு போக வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தேக்கிலை கட்டிக்கொண்டால் யானையை யாருக்கும் தெரியாதா?

தேக்கிலை கட்டிய யானை நொச்சிப் புதர்களைச் சுற்றித் தொம் தொம்மென்று நடந்தது. நடந்த நடையில் மண் பாறையாக இறுகியது. அழுங்கின் பழைய குழிகளும் நொறுங்கி மூடிக்கொண்டன. பிறகு தந்தத்தால் ஒரு குத்துக் குத்திவிட்டு, உடனே தும்பிக்கையை விட்டுப் பார்த்தது. தண்ணீர் இல்லை. சாயங்காலம் வரை காத்திருக்கச் சொன்னது அதற்கு ஞாபகமே இல்லை.

தேக்கிலை கட்டிய கரடி உச்சிவெயில் வரை காத்திருந்தது. அப்புறம் எங்கோ தேன் மணம் வந்தது. எழுந்து போய்விட்டது.

முடிவைக் காட்டெருமை படித்துச் சொன்னது. "முதல் சோதனையாளர் தண்ணீர் இல்லை என்கிறார். இரண்டாம் சோதனையாளரும் இல்லை என்கிறார். மேலும், மண்ணைத் தோண்டுவது பற்றிப் பேசும்போது, புற்று தோண்டுவதில் பேர்போன கரடியாரின் பெயரைச் சொல்லாதது பெரிய குறை என்கிறார். திருத்திக்கொண்டு அடுத்த சபைக்கு வரவும்!"

அழுங்கு பந்துக்குள் அழுதது. அடுத்த சபைதான் மழைக்கு முந்திய கடைசிச் சபை. யானை மிதித்த மண்ணில் இனித் தோண்ட முடியாது. வேறு நொச்சி தேடி நடக்கலாமென்றால் வயிறு தரையில் இழுத்தது.

கெட்ட காலம் தனியாக வரவில்லை. பத்து நாள் கழித்துப் புனுகுப்பூனை துள்ளிக்கொண்டு வந்தது.

"சேதி தெரியுமா அக்கா? மலைக்கு அந்தப் பக்கம் ஒரு முள்ளம்பன்றி நொச்சிக்குப் பக்கத்துல தோண்டித் தண்ணி எடுத்துட்டானாம்! அந்தக் காட்டுல எல்லாரும் குடிக்கிறாங்களாம்!"

அழுங்கு வளையை விட்டு வெளியே வந்தது. "நான் எடுத்ததேதானா?"

"அதேதான்! இலை போட்டு மூடறதுகூட அப்படியே! உங்களை முந்திட்டான். உங்களுது சபையில நிக்கலை. அவனுது தண்ணியாவே நிக்குது. அன்னிக்கே நான் சொன்னதைக் கேட்டிருந்தா இந்தக் கதி வருமா?"

மூன்று கோடை. ஐம்பத்து மூன்று குழி. எல்லாம் ஒரே நாளில் வேறொருவனுடையதாகிவிட்டது. முள்ளம்பன்றி மேல் அழுங்குக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. அவன் முள்ளெல்லாம் உதிர்ந்து போகட்டும் என்றுகூட நினைத்தது. நினைத்துவிட்டு வெட்கப்பட்டது. பிறகு மெதுவாக இறங்கிப் பள்ளத்துக்குப் போய், அங்கே காலியாகக் கிடந்த ஒரு வளையைப் பார்த்தது. உள்சுவரில் போன மழையின் சேற்றுக்கோடு, அழுங்கின் தலைக்கு மேலே இருந்தது.

கடைசிச் சபை கூடியது. அழுங்கு ஓரமாக வந்து உட்கார்ந்தது. திருத்திக்கொண்டு வர அதனிடம் ஒன்றும் இல்லை.

"அழுங்கு ஏதும் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டது காட்டெருமை.

அழுங்கு வாய் திறப்பதற்குள், கூட்டத்தின் பின்னாலிருந்து கலகலவென்று முட்கள் உரசும் சத்தம் கேட்டது. எல்லோரும் வழிவிட்டார்கள். குத்திவிடுமே என்ற பயம்தான்! காலெல்லாம் புழுதியாக ஒரு முள்ளம்பன்றி உள்ளே வந்தது.

"இங்க அழுங்குங்கறது யாருங்க?"

அழுங்கு சட்டென்று சுருண்டுகொண்டது.

"அந்தப் பந்துதான்!" என்று காட்டிக்கொடுத்தது குரங்கு.

முள்ளம்பன்றி பந்துக்கு முன்னால் வந்து நின்றது. "அம்மா, ரெண்டு நாள் நடந்து வந்திருக்கேன். நீங்க சொன்னதா நாரை வந்து சொல்லிச்சு. எல்லாரும் சிரிச்சாங்களாம். நான் சிரிக்கலை. எங்க பக்கமும் வறட்சிதான். போய்த் தோண்டிப் பார்த்தேன். நீங்க சொன்ன அளவு, நீங்க சொன்ன இலை, நீங்க சொன்ன பொழுது. தண்ணி வந்துச்சும்மா! எங்க காட்டுல இப்ப எல்லாரும், அழுங்கு கண்டபடின்னு சொல்லித்தான் குடிக்கிறோம்!"

பந்து அசையவில்லை. காதில் விழுந்ததை நம்பலாமா என்று அதற்குத் தெரியவில்லை.

"என் பேரையா சொல்றீங்க?" என்றது உள்ளிருந்து.

"பின்னே வேற யார் பேரைச் சொல்றது? கண்டது நீங்கதானே!"

அழுங்குக்கு உடம்பு தானாகத் தளர்ந்தது. மூக்கு வெளியே வந்தது. கண் வெளியே வந்தது. அந்தக் கண்ணில் தண்ணீர்.

"ஆனா ஒரு சந்தேகம்மா. அதைக் கேக்கத்தான் வந்தேன். ஏழு குழி தோண்டினேன். அஞ்சுல தண்ணி வந்துச்சு. ரெண்டுல வரவே இல்லை. ஏன்?"

"பார்த்தீங்களா!" என்று குதித்தது புனுகுப்பூனை. "ரெண்டுல வரலையாம்! சோதனையாளருக்கும் வரலை! எல்லாம் புளுகு!"

சபை மறுபடியும் முணுமுணுத்தது. அழுங்கு நினைத்திருந்தால் சும்மா இருந்திருக்கலாம். முள்ளம்பன்றிக்குச் சரியாகத் தோண்டத் தெரியவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் இரண்டு நாள் நடந்து வந்தவனிடம் எப்படி அப்படிச் சொல்வது?

"எனக்கும் மூணுல வரலைங்க" என்றது அழுங்கு. இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. "பதினொண்ணுல எட்டுதான் ஊறிச்சு. மூணு பொய்ச்சுப் போச்சு. ஏன்னு தெரியாததால அன்னிக்கு சபையில சொல்லலை. சொன்னா சிரிப்பாங்கன்னு பயந்துட்டேன். சொல்லாமயும் சிரிக்கத்தான் செஞ்சீங்க. மறைச்சது என் தப்பு."

காட்டெருமை காதை ஆட்டியது. அதன் அத்தனை வருடத் தலைமையில், பொய்த்ததைத் தானே வந்து சொன்ன ஆளை அது பார்த்ததில்லை.

முள்ளம்பன்றி பரபரத்தது. "அம்மா, அந்த மூணு புதர்லயும் இலை எப்படி இருந்துச்சு? எனக்குப் பொய்ச்ச ரெண்டுலயும் இலை மஞ்சளாக் கிடந்துச்சு!"

அழுங்கு கண்ணை மூடி யோசித்தது. "ஆமாங்க! மூணும் வெளுத்துப்போன நொச்சிதான்! வேருக்கே தண்ணி இல்லாம வெளுத்திருக்கும். நான் மண்ணையே பார்த்துட்டு இருந்தேன், இலையைப் பார்க்கவே இல்லை!"

"பச்சை நொச்சியாப் பார்த்துத் தோண்டினா?"

"தோண்டிப் பார்த்துடலாங்க!"

இரண்டும் சபையையே மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தன. காட்டெருமை தொண்டையைக் கனைத்தது.

"இன்றைக்கே சோதிப்போம். இங்கேயே, எல்லோர் முன்னாலும். தேக்கிலை எதுவும் வேண்டாம். அழுங்கு தோண்டக் கூடாது. யானையார் தயவு செய்து நூறு அடி தள்ளி நிற்கட்டும்!"

"என்னை ஏன் சொல்றீங்க? அன்னிக்குச் சோதிச்சது நான்னு யாரு சொன்னது?" என்று கேட்டது யானை.

எல்லோரும் நொச்சியைச் சுற்றிக் கிணறு கிணறாகப் பதிந்திருந்த காலடிகளைப் பார்த்தார்கள். யானை தள்ளிப் போய் நின்றது.

காட்டுப்பன்றி ஒரு குழி, கீரி ஒரு குழி, முள்ளம்பன்றி ஒரு குழி. மூன்றும் யானை மிதிக்காத ஒதுக்குப்புறத்தில், பச்சைப் பசேலென்ற நொச்சிகளுக்கு வடக்கே. அளந்து தோண்டினார்கள். ஈரமண் வந்தது. இலை போட்டு மூடினார்கள். பிறகு மொத்தக் காடும் உட்கார்ந்து காத்திருந்தது.

அந்தப் பகல் போல நீளமான பகலை அழுங்கு பார்த்ததில்லை. கரடி இரண்டு தடவை எழுந்து தேன் மணம் வந்த திசையைப் பார்த்தது. காட்டெருமை ஒரு பார்வை பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டது. "போதும், திறக்கலாம்!" என்று நடுவில் குரங்கு தாவியது. முள்ளம்பன்றி சும்மா முதுகைக் காட்டியது. குரங்கு திரும்பிப் போய்விட்டது.

வெயில் தாழ்ந்தது. காட்டெருமை மூக்கால் முதல் குழியின் இலையை ஒதுக்கியது.

தண்ணீர்!

இரண்டாவது குழி. தண்ணீர்! மூன்றாவது குழி. அதிலும் தண்ணீர், ததும்பத் ததும்ப!

அப்பாடா என்று அழுங்கு தரையில் சரிந்து உட்கார்ந்தது. மூன்று கோடைக் கவலை அந்த ஒரு மூச்சில் வெளியே போனது.

ஒரு கிழட்டு முயல்தான் முதலில் குனிந்தது. மடு வரை நடக்க முடியாமல் நான்கு நாளாக வேரைச் சப்பிக்கொண்டிருந்த முயல் அது. "அழுங்கு கண்டபடி குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் குடித்தது. குடித்துவிட்டு இன்னொரு தடவை சொன்னது. பிறகு மான் வந்தது. கீரி வந்தது. வரிசை நீண்டுகொண்டே போனது. கரடிகூட வந்து, "அழுங்கு கண்டபடி" என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொல்லிவிட்டுக் குடித்தது. மரங்கொத்தி புதுக் கிளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு டொக் டொக் டொக்கென்று கொத்தியது. முப்பது எப்போது தாண்டியது என்று அழுங்குக்கே தெரியாது.

கடைசியில் மரங்கொத்தி மூச்சு வாங்க வந்து சொன்னது. "தலைவரே, ஒரு விஷயம். இன்னிக்குக் கொத்தினது ஒவ்வொண்ணும் வேற வேற குரலுக்கு. ஆனா புனுகுப்பூனை கிளையில எழுநூறு பொத்தல் இருக்கு. எழுநூறும் சேவல் குரலுக்குத்தான். சேவல் கிளையில எழுநூறு. அத்தனையும் புனுகுப்பூனை குரலுக்கு. ரெண்டு வருஷமாச் சொல்லணும்னு இருந்தேன். யாரும் கேக்கலை!"

எல்லோரும் சேவலைப் பார்த்தார்கள். சேவல் கிடுகிடுவென்று நடுங்கியது.

"நான் என்ன பண்ணுவேன் சாமி!" என்று கதறியது. "தினம் என் பேரைக் கூவு, இல்லாட்டி உன்னைத் தின்னுடுவேன்னு புனுகுப்பூனை மிரட்டிச்சு! பதிலுக்கு அதுவும் என் பேரைச் சொல்லிச்சு. எனக்கு அந்தப் பொத்தலெல்லாம் வேண்டாம். என் கழுத்துல பொத்தல் விழாம இருந்தாப் போதும்!"

சபை வாய் பிளந்தது. புனுகுப்பூனை மெல்லப் பின்வாங்கப் பார்த்தது. பின்னால் முள்ளம்பன்றி நின்றிருந்தது. புனுகுப்பூனை ஆவென்று கத்திக்கொண்டு முன்னால் தாவியது.

காட்டெருமை அன்றைக்கே விதியைத் திருத்தியது. ஒரே வாய் ஆயிரம் தடவை சொன்னாலும் ஒரு பொத்தல்தான். சோதிக்கப் போகிறவர்கள், சொன்னபடி முழுப் பொழுதும் சோதிக்க வேண்டும். பொய்த்த குழியையும் சபையில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு யாரும் சிரிக்கக் கூடாது.

புனுகுப்பூனையின் எழுநூறு பொத்தல் ஒரே நாளில் ஒன்றாகக் குறைந்தது. மேட்டு வளையைக் காலி செய்யச் சொன்னார்கள். அதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம். அது நன்றாக மரம் ஏறும், முழுகிப்போகாது. சேவலுக்கும் ஒன்றுதான் மிஞ்சியது. ஆனால் காட்டெருமை தன் கொம்புக்கு நடுவே அதற்கு இடம் கொடுத்தது. அதற்கப்புறம் சேவல் பயமில்லாமல், யார் பெயரையும் சொல்லாமல், வெறும் கொக்கரக்கோ மட்டும் கூவியது.

முள்ளம்பன்றி விடைபெற்றுக் கிளம்பியபோது, அழுங்கு மேட்டின் விளிம்பு வரை வழியனுப்பப் போனது.

"உங்க மேல ரொம்பக் கோபப்பட்டுட்டேன்" என்றது. "என்னை முந்திட்டீங்கன்னு நினைச்சேன். நீங்க தோண்டலைன்னா நான் சொன்னதை யாருமே நம்பியிருக்க மாட்டாங்க."

"நீங்க சொல்லலைன்னா நான் தோண்டியே இருக்க மாட்டேனே!" என்று சிரித்தது முள்ளம்பன்றி. "இனிமே தோண்ட வர்றவங்ககிட்ட இலை நிறத்தையும் பார்க்கச் சொல்லுங்க."

"சொல்றேன். முள்ளம்பன்றி கண்டபடின்னு சொல்றேன்."

ஆனி பிறந்த மூன்றாம் நாள் மழை கொட்டியது. பள்ளம் முழுக்கத் தண்ணீர். மேட்டு வளைக்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அங்கே வெளிர்நிறத்தில், மெத்தென்ற செதிலோடு ஒரு குட்டி அழுங்கு பிறந்து, அம்மாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியது. அம்மாவும் மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கவலையில்லாமல் தூங்கியது.

நமக்கு எந்த விதத்திலும் கடமைப்படாத ஒருவர், நாம் கண்டதைத் தாமே சோதித்துப் பார்த்து, உண்மைதான் என்று நம் பெயரைச் சொல்வதே மெய்யான புகழ்.